ஏணியிலிருந்து விழுந்தவர்

மூன்றாவது குடத்தையும் சின்னுசாமி, செத்துப்போன தன் அண்ணனின் தலையில் கவிழ்த்தான். பெஞ்சின் கால்களுக்கிடையே தண்ணீர் இன்னும் சிவப்பாகவே ஓடியது. இடது காதுக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்குப் பள்ளம். மார்பிலும் முதுகிலும் மூங்கில் தடி பட்ட தடிப்புகள். நீர் ஊற்ற வந்தவர்கள் அவற்றைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் நேற்று மாலை வாசகசாலைக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான்.

"போதும் சாமி, தொடச்சுடு," என்றார் ஊர்ப் பெரியவர் தீர்த்தகிரி.

சின்னுசாமி நாலாவது குடத்துக்குக் குனிந்தான்.

அண்ணன் குழந்தைவேலுக்கு முப்பத்திரண்டு வயது. ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே இருந்த அந்தத் தறிக்காரர் ஊரில், வாசகசாலையில் சர்க்கார் வைத்த ரேடியோ அவன் பொறுப்பு. வாரம் ஒருமுறை பேட்டரியைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவான். சாயங்காலமானால் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவான். செய்தி வாசிக்கிறவர் பேசுவது புத்தகத் தமிழ். தறிக்காரர்களுக்குப் பாதி விளங்காது. குழந்தைவேல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று திருப்பிச் சொல்வான். 'நேச நாட்டுப் படைகள் பின்வாங்கின' என்று பெட்டி சொன்னால், "நம்மாளுக ஓடியாந்துட்டாங்களாமுங்க" என்பான். சனம் சிரிக்கும். வாசிக்கிறவருக்குச் சளி பிடித்திருந்தால் அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். "பாவம், சுக்குத்தண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்ல போல" என்று கவலைப்படுவான். பார்த்தே இராத அந்த மனிதர்களை ஊர்க்காரர்கள் போலப் பேசுவான்.

அது நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்டு. தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். மூன்று நாளைக்கு முன் சந்தையில் கொடி பிடித்துப் போன தறிக்காரர்கள்மேல் வெளியூர்ப் போலீஸ் பாய்ந்தது. சின்னுசாமியின் கூட்டாளி கருப்பண்ணனைக் கீழே தள்ளி, அவன் வலது கையைக் கல்லில் வைத்து பூட்ஸ் காலால் மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் பத்தடி தள்ளி நின்ற சின்னுசாமிக்குக் கேட்டது. தறியோட்டுகிற கை அது.

நேற்றுச் சாயங்காலம் ரேடியோ முன்னால் இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள். தங்களுக்கு நடந்ததைப் பெட்டி ஒரு வார்த்தையாவது சொல்லும் என்று காத்திருந்தார்கள். எந்தெந்த ஊர்ச் சேதியையோ வாசித்துவிட்டு, கடைசியில் அந்தக் குரல், "சேலம் ஜில்லாவில் எங்கும் அமைதி நிலவுகிறது," என்றது.

கருப்பண்ணன் எழுந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"கொழந்தவேலண்ணா, இதயும் எங்களுக்கு வெளங்கறாப்பல திருப்பிச் சொல்லுங்க."

"எழுதிக் குடுத்தத அவரு படிக்கறாரு கருப்பண்ணா. அவருக்கென்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமல்லங்க? உங்க வாயால சொல்லுங்க."

குழந்தைவேல் கூட்டத்தைப் பார்த்தான். அவன் பேசுவதைப் போலீசுக்கு எழுதிக்கொண்டு போகிற இரண்டு பேர் அதில் இருந்தார்கள். வீட்டில் மனைவி சென்னியம்மாளுக்கு ஏழாம் மாசம்.

"சர்க்கார் நாயி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "பெட்டிய ஒடைங்கடா!"

குழந்தைவேல் கைகளை விரித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். "பெட்டி என்னடா பண்ணுச்சு? நாளைக்கு அது நெசம் பேசுனா எதுலடா கேப்பீங்க?"

சின்னுசாமி கையில் அப்போது கல் இருந்தது. எப்போது குனிந்தோம், எப்போது எடுத்தோம் என்பது அவனுக்கு இப்போதும் நினைவில்லை. பெட்டிக்குத்தான் குறிவைத்தான். எறிந்த நொடியில் அண்ணன் பெட்டிப் பக்கம் சாய்ந்தான்; கல் அவன் காதுக்கு மேலே பட்டது. விழுந்த முதல் கல் அதுதான். பிறகு தடிகள் வந்தன. பெட்டியை நொறுக்கியவர்கள், பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவனையும் சேர்த்து நொறுக்கினார்கள். "எங்கண்ணனுங்கடா, உடுங்கடா" என்று கதறிக்கொண்டு சின்னுசாமி கால்களுக்கிடையே புகுந்து இழுத்தபோது, கையோடு வந்தது பாதி கிழிந்த சட்டைதான்.

விடிகிற நேரத்தில் உயிர் போயிற்று.

கோடித்துணி போர்த்தும்போது போலீஸ் லாரி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு வாசலுக்குள் வந்து துணியை லத்தியால் விலக்கிப் பார்த்தார்.

"சர்க்கார் ஆளைக் கொன்னுருக்கீங்க. எவனெவன் அடிச்சான்?"

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சென்னியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்:

"ஆரும் அடிக்கலீங்க. கம்பி கட்டறக்கு ஏறுனாரு. ஏணியோட உழுந்துட்டாருங்க."

"ரேடியோ எப்படி ஒடைஞ்சுது?"

"அதும்மேலதானுங்க உழுந்தாரு."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "தம்பி எவன்?" என்று கேட்டு, சின்னுசாமியின் முடியைப் பிடித்து வாசலின் நடுவுக்கு இழுத்துவந்தார். முதல் அடி முழங்காலில். மண்டியிட்டவனுக்குத் தோளில், முதுகில், தலையில், பிறகு வாயில். ஒரு பல் தெறித்து ஈரமண்ணில் விழுந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நேற்றே விழவேண்டிய அடி என்று நினைத்தான். இன்னும் ரெண்டு விழட்டும் என்று காத்திருந்தான்.

"பேரைச் சொல்லுடா!"

ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் நிமிர்ந்தான். "நாந்தானுங்க—"

"எஞ்சாமீ!" என்று சென்னியம்மாள் பிணத்தின்மேல் விழுந்தாள். அதுவரை அழாதவள் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து அலறினாள். கூடியிருந்த பெண்களும் மாரடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். தெருவே அதிர்ந்தது.

"என்னடா சொன்னே? சத்தமாச் சொல்லு!"

சின்னுசாமி மறுபடி வாயைத் திறந்தான். அண்ணியைப் பார்த்தான். புருஷனின் மார்பில் கன்னத்தை வைத்து அலறிக்கொண்டே அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

எங்கோ தந்திக் கம்பியை அறுக்கிறார்கள் என்று ஒரு போலீஸ்காரன் ஓடிவந்து சொன்னான். இன்ஸ்பெக்டர் ஏணியிலிருந்து விழுந்ததாக அவசரமாக நாலு வரி எழுதி, அதில் சென்னியம்மாளின் கட்டைவிரல் ரேகையை உருட்டி வாங்கிக்கொண்டு லாரி ஏறினார்.

பாடையைத் தூக்க ஆள் கூப்பிடவேண்டியிருக்கவில்லை. தடி எடுத்தவர்களே முந்திக்கொண்டு வந்தார்கள். கருப்பண்ணன் கட்டுப்போட்ட கையை மடக்கிக்கொண்டு இடது தோளைக் கொடுத்தான். வழிநெடுக யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுடுகாட்டில் நாவிதர் சின்னுசாமிக்குத் தலை மழித்தபோது, லத்தி பட்டு வீங்கிய இடத்தில் கத்தி நின்றது.

"நோகுதுங்களா?"

"இல்ல. இழுங்க."

கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். போனான்.

வீட்டில் உறவுப் பெண்கள் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சென்னியம்மாள் புழக்கடையில் தனியாக இருந்தாள். அண்ணனைக் கிடத்தியிருந்த ஜமுக்காளத்தை வண்ணாருக்குப் போடாமல் தானே நனைத்து, கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். நிறைமாதமாகவில்லை என்றாலும் குனிய முடியாமல் மூச்சு வாங்கியது.

"அண்ணி," என்றான். உதடு வீங்கி வார்த்தை உடைந்தது. "அந்தக் கல்லு..."

"ஏணியில இருந்து உழுந்தேன்னே சொல்லுன்னாரு உங்கண்ணன். மூணு தரம் சொன்னாரு. அப்பறம் பேச்சில்ல."

"ஆரு எறிஞ்சதுன்னு அண்ணனுக்குத் தெரியுமுங்களா?"

அவள் ஜமுக்காளத்தைத் தொட்டியில் முக்கி எடுத்தாள். நீரோடு அது அவள் கையை விட்டு நழுவியது. மறுபடி எடுத்தாள்.

"அந்த முனையப் புடி," என்றாள்.

அவன் பிடித்தான். அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக முறுக்கினார்கள். செங்காவி நிறத்தில் தண்ணீர் இறங்கி, வாழைப்பாத்திக்குள் ஓடியது. நீர் வடிவது நின்ற பிறகும் இருவரும் முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.