நிலாவில் கவலை

அறுபது நாள் பயணம். இந்தப் பங்கஜவல்லி எங்கே குளித்தாள்?

பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வி தோன்றவே இல்லையே என்று வசந்தாமணி தனக்குள் சிரித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு அந்தச் செப்பு வாகனம்தான் கண்ணில் நின்றது. அதில் விஞ்ஞானி ஒருவரும் அவர் மனைவி பங்கஜவல்லியும் சந்திரனுக்குப் போகிறார்கள். விஞ்ஞானி தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி வருகிறார். பங்கஜவல்லி அறுபது நாளும் ரசம் வைக்கிறாள். இதையும் அந்த வயதில் அவள் கவனித்திருக்கவில்லை.

மாதப் பத்திரிகையில் வந்த தொடர்கதை அது. கடைசி இதழ் வருவதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி, எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். முடிவு தெரியாததால் தானே ஒன்று வைத்துக்கொண்டாள்: பங்கஜவல்லி திரும்பி வரவில்லை. அடுப்பை அங்கேயே அணைத்துவிட்டு, சந்திரனில் தனியாக நடந்து போய்விட்டாள். பதினைந்து வருஷமாக, மாவாட்டும்போதும் களை வெட்டும்போதும், வசந்தாமணி அவளோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவாள். அது யாருக்கும் தெரியாது.

போன வாரம் அண்ணன் பழைய பெட்டியைக் காலி செய்து, அப்பா அந்த இதழ்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த புத்தகத்தைக் கொடுத்தனுப்பினான். கடைசி இதழும் அதில் இருந்தது.

மாமனார் தங்கசாமிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மருமகள் தனியாகச் சிரிப்பதைக் கேட்டு வந்தவர், தினமும் காலையில் கொஞ்சம் படிக்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். சந்திரனில் எல்லாப் பொருளும் ஆறில் ஒரு பங்கு எடைதான் என்ற இடத்தில் நேற்று கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இரு சாமி. மாட்டுக்குமா?"

"மாட்டுக்குந்தானுங்க மாமா."

"அப்பறம் அங்க கெணத்துல மாடு கட்டிக் கவலை எப்படி எறைக்கறது? மாடு சரிவுல எறங்கற பாரத்துலதான தண்ணிச் சாலு மேல வருது? கனமில்லாத மாடு என்னத்த இழுக்கும்?"

உள்ளேயிருந்து மாமியார் சென்னியம்மாள் சத்தம் போட்டாள். "ஏனுங்க, இங்க மொளகாச் செடி வாடுது. நீங்க நெலாவுல கெணறு வெட்டிக்கிட்டு உக்காந்திருங்க!"

அவர் யோசனையோடு கிணற்றுக்குப் போனார். இன்றைக்குக் காலையில் கதை கேட்கக்கூட நிற்கவில்லை. அந்த நேரத்தில் வசந்தாமணி கடைசி இதழைப் பிரித்தாள்.

எல்லாம் கனவாம். காப்பி எங்கே என்று கணவர் உலுக்க, பங்கஜவல்லி கண் விழித்து அடுப்படிக்கு ஓடுகிறாள். சுபம்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, யாரோ தன் முந்தானையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

உச்சி வெயிலில் மாமனார் ஓடாத குறையாக வந்தார்.

"தண்ணிக்குங் கனமில்ல சாமி! மாடும் லேசு, தண்ணியும் லேசு. சரியாப் போச்சு! நெலாவுல தாராளமா எறைக்கலாம்!"

"மாடு அங்க என்னத்தத் திங்குமுங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"அத நாளைக்கி யோசிக்கறேன்." துண்டை உதறிப்போட்டு உட்கார்ந்தார். "படி சாமி. அந்தப் புள்ள திரும்பி வந்துச்சா, இல்லியா?"

வசந்தாமணி புத்தகத்தை எடுத்தாள்; பிரிக்கவில்லை.

"செத்துகித்துப் போச்சா?"

"இல்லீங்க."

"பின்னென்ன? படி. நாலு நாளா மாட்டையே மறந்துட்டுக் கேக்கறேன்."

சென்னியம்மாளும் முறத்தோடு வந்து வாசற்படியில் நின்றாள். தனக்குக் கதையில் அக்கறை இல்லை என்று காட்ட, முறத்தில் இல்லாத கல்லைப் பொறுக்கினாள்.

வசந்தாமணி புத்தகத்தை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"மீதிய நான் படிக்க மாட்டேனுங்க மாமா," என்றாள்.