மிச்சம் வைத்த சொற்கள்

கறுப்பு மார்க்கரைக் காணவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றாயிற்று. அவள் மட்டும் கட்டிலுக்கு அடியில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க. என்ன தேடுற?" மகள் வந்து தோளைத் தொட்டாள்.

"உங்கப்பாவோட மார்க்கரை. பாதியில விட்டுட்டுப் போயிருக்காரு மனுஷன்."

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவளுக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். அவருக்கு அந்த நாவல்களைக் கெடுப்பது என்றால் உயிர். ஒரு பக்கத்தில் பிடித்த சொற்களைப் பென்சிலால் கட்டம் கட்டுவார். மீதியைக் கறுப்பு மையால் அடித்துவிடுவார். மிச்சமிருப்பதுதான் கவிதை. சொந்தச் சொல் ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது, மேலிருந்து கீழேதான் போக வேண்டும் என்று அரசாங்கச் சட்டம் மாதிரி பிடிவாதம் வேறு. அவள் படித்து முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். எத்தனையோ கொலைகாரர்கள் அவர் புண்ணியத்தில் தப்பியிருக்கிறார்கள். அதற்காக அவள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் மூச்சு நின்றபோது மடியில் நாவல் திறந்திருந்தது. 'குடையை', 'மறந்து', 'போனவர்'. மூன்று சொற்களுக்குத்தான் கட்டம். கீழே ஒன்றுமில்லை. எதையும் அரைகுறையாக விட்டு அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தை முடித்து அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்கு ஒரே தவிப்பு. ஆனால் வாழ்நாளில் ஒரு கவிதை எழுதியவளில்லை அவள்.

நாற்காலி மெத்தையின் இடுக்கிலிருந்து மகள் மார்க்கரை எடுத்தாள். இருவரும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். மழையில் நனைந்துகொண்டே இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற பக்கம் அது.

"இதோ பாரு, 'திரும்பி', 'வருவார்'. நல்லா இருக்கும்மா." மகளின் குரல் உடைந்தது.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பென்சில் அந்தச் சொல்வரை போய் நின்றது.

"வேணாம்டி. பொய்னா உங்கப்பா உடனே கண்டுபிடிச்சிடுவாரு."

மருமகன் எட்டிப் பார்த்தார். "அத்தை, நேரமாகுது."

"கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை. இவரு என்ன, எந்திரிச்சு ஓடியா போயிடப் போறாரு?" சொல்லிவிட்டு மறுபடி பக்கத்தின் மேல் குனிந்தாள்.

கீழே இறங்கிப் படித்தாள். 'நனையட்டும்' என்ற சொல்லில் கண் நின்றது. ஒவ்வொரு மழைக்கும் குடையில்லாமல் வந்து நின்ற அவரை அவள் திட்டிய திட்டு அது. இன்னும் கீழே, கதவைத் திறந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் சொல்வதில் அவளுக்கு வேண்டிய மற்ற இரண்டு சொற்களும் கிடைத்தன. கட்டம் கட்டினாள்.

மகள் வாய்விட்டுப் படித்தாள். "குடையை மறந்து போனவர் நனையட்டும். வெந்நீர் வைத்திருக்கிறேன்."

படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மகளைத் தோளில் தாங்கியபடியே அவள் மார்க்கரைத் திறந்து, இன்ஸ்பெக்டரை, கதவை, மழையை வரிவரியாக அடித்தாள். பிறகு பக்கத்தைப் புத்தகத்திலிருந்து பதமாகக் கிழித்தெடுத்தாள்.

மருமகன் மறுபடியும் வாசற்படிக்கு வந்தார். தாளைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

ஈரத்தோடு மடித்தால் மை சொற்களின் மேல் ஒட்டிவிடும். அவள் தாளை இரு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மெதுவாக ஊதத் தொடங்கினாள்.