செவ்வாய்க்கிழமைக் கடல்

செங்கம் சாலையை ஒட்டிய மூன்றாவது சந்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பகல் பதினோரு மணிக்குக் கடல் வரும். முழங்காலுக்கு மேல் ஏறாது. புதுச்சேரிக் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், முதல் வாரம் நகராட்சி ஆட்கள் குழாய் உடைந்திருக்கும் என்று தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது. ஒரு நண்டும் ஏறி வரவே, குழியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடலை வரவழைத்தது அந்தச் சந்தில் குடியிருக்கும் பாஞ்சாலை சுட்ட ரொட்டி. அவள் கணவன் ராஜமாணிக்கம் கீழ்பென்னாத்தூர்க்காரன். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்து, கூட வேலை செய்பவன் சொல்லிக்கொடுத்த ரொட்டியை அவளுக்கு விவரித்தான்: மக்காச்சோள மாவை மோரில் ஊறவைத்து, முட்டை அடித்து ஊற்றி, பச்சை மிளகாயும் வெண்ணெயில் வதக்கிய இறாலும் கலந்து ஓவனில் சுட வேண்டும். "ஊருக்கு வந்ததும் நானே சுட்டுத் தரேன், பாத்துக்கோ" என்றான். மறுமாதம் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு முப்பத்தாறு வயது, அவளுக்கு முப்பத்து மூன்று.

வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட வரும் ஒரு கடையில் அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாண்டு கழித்துக் கடையை மூடியவர்கள் பழைய ஓவனை அவளிடமே விட்டுப்போனார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை இறால் வாங்கி வந்து, அவன் சொன்ன மாதிரியே சுட்டாள். வாசனை சந்து முனையைத் தொட்டதும் தண்ணீர் உள்ளே வந்தது. அதன்மேல் ஒரு சிறிய படகு. கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ராஜமாணிக்கம் வாசற்படியில் இறங்கினான்.

ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றான்.

மூன்று வருடமாகக் கேள்விகளைச் சேர்த்துவைத்திருந்தவள், "அங்க குளுருதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு இல்லை என்றான். ரொட்டி ஆறியதும் தண்ணீர் வடிந்தது. படகும் அவனோடு போயிற்று.

அடுத்த வாரம் ரொட்டியைக் கம்பளியில் சுற்றிவைத்துப் பார்த்தாள். கூடுதலாகப் பத்து நிமிடம் இருந்தான், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு தர்மதேவி சமணக் குடும்பம், முட்டைகூடத் தொடாதவள். "வாசன வந்தா ஜன்னல சாத்திக்கிறோம்மா. தண்ணிதான் ஜாஸ்தியா வருது, செடியெல்லாம் கருகுது" என்று சொல்ல வந்தவள், சமையலறையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப்போய்ப் பூந்தொட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டாள்.

ஒரு வாரம் பாஞ்சாலை துணிப்பையோடு படகில் ஒரு காலை வைத்துவிட்டாள். "நானும் வந்துடறேங்க."

அவன் அவள் தோளைப் பிடித்து மெல்லப் படியில் நிறுத்தினான். "நீ வந்துட்டா ரொட்டி யாரு சுடறது? அப்புறம் நான் எங்கன்னு வர்றது?"

அன்று முழுக்க அவள் சந்தில் தேங்கிய உப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே அழுதாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மாவை ஊறவைத்தாள்.

ஆட்டோக்காரர்கள் செவ்வாய்க்கிழமை மட்டும் சந்து முனையிலேயே ஆளை இறக்கிவிடுகிறார்கள். கிரிவலம் வருகிறவர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடந்துபோகிறார்கள். பாஞ்சாலைக்கு இப்போது நாற்பத்தொன்பது. அவனுக்கு அதே முப்பத்தாறு. புதிதாகக் குடிவந்தவர்கள் தம்பியா என்று கேட்டால், "வீட்டுக்காரரு" என்கிறாள். கண் மங்கிவிட்டதால், சர்க்கரை மாத்திரை அட்டையில் இருப்பதை அவன்தான் படித்துச் சொல்கிறான். எது காலையில், எது ராத்திரியில் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கும்போது எழுந்துகொள்கிறான்.