எத்தினி வச்சிருக்கே?

நாலு மணிக்குள் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வாங்கி, பக்கத்திலிருக்கும் கல்லூரியில் கொடுக்க வேண்டும். மணி மூன்று பத்து. மாமல்லபுரம் வேன் ஸ்டாண்டில் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

நான் எலெக்ட்ரிகல் மூன்றாம் வருடம். விருப்பமிருந்தால் கணிதத் துறையிலும் இரண்டு பாடம் சேர்த்துப் படிக்கலாம் என்று கல்லூரியில் அறிவித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிக்னல் வகுப்பில் ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "மனப்பாடம் பண்ணும்மா, பரீட்சைக்கு அது போதும்" என்கிறார்கள். எனக்குப் போதாது. பற்றிக்கொண்டு வருகிறது.

"லூசா நீ?" என்றான் கூடப் படிக்கும் ஜெபகுமார். "அதுல ஃபெயிலானாலும் அரியர்தான். அரியர் இருந்தா கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ளயே வுடமாட்டான்." அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் படிவத்தை நிரப்பிவிட்டேன்.

அப்பா தனகோடி, செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிவரும் வேன் டிரைவர். மூன்றரைக்கு வந்தார். வண்டியை அணைக்கக்கூட இல்லை. படிவத்தில் 'கூடுதல் பாடம்' என்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா, எக்ஸ்ட்ரா பேப்பரா? எத்தினி வச்சிருக்கே பாப்பா?"

"ரெண்டுப்பா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்களிடையே பேப்பர் 'வச்சிருப்பது' என்றால் ஃபெயிலாகி வைத்திருப்பது. அத்தை மகன் ஏழு வச்சிருந்தான். எங்கள் ஊர் கருங்குழி முழுக்க அதே பேச்சு.

"எதுல? கணக்கா?"

போன செமஸ்டரில் கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். வாய்வரை வந்தது. சொன்னால், "அப்ப இது எதுக்கு?" என்பார். வேலைக்கு உதவாது, தவறினால் வேலையையே கெடுக்கும் என்று தெரிந்தால் கையெழுத்து கிடைக்காது. தலையாட்டினேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். படிவத்தை ஸ்டியரிங் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"வுடு, அழுவாத. அடுத்த தபா பாஸ் பண்ணிக்கலாம். அம்மாவாண்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் அழவில்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. படிவத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு அழுதுகினு போவுது?" என்று பக்கத்து வேன் டிரைவர் ஏசுபாதம் கேட்பது காதில் விழுந்தது.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "எங்க பாப்பா கணக்குல கொஞ்சம் வீக்குப்பா. ஆனா வுடாது, படிச்சிகினேதான் கீது."

நான் திரும்பிப் பார்க்காமல் கல்லூரியைப் பார்த்து ஓடினேன்.