முடிதிருத்துபவரின் முகம்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப் பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. முடிதிருத்துபவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும்தான் கண்ணாடியில் பார்த்தார். வாய் வலப் பக்கம் கோணியிருந்தது. இடது கண் மூட மறுத்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி, மனைவியோடு மருத்துவமனைக்கு ஓடினார்.

கைகால்களைத் தூக்கச் சொல்லி, நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்தார் டாக்டர். "பயப்படாதீங்க, பக்கவாதம் இல்ல. முகத்து நரம்பு வீங்கியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். பத்து நாள் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. தூங்கும்போது இமைய மூடி டேப் போட்டு ஒட்டிக்குங்க."

"எப்ப சார் சரியாகும்?"

"சிலருக்கு மூணு வாரம். சிலருக்கு மாசக்கணக்காகும்."

மாசக்கணக்கு என்ற சொல் அவரைப் பிடித்து ஆட்டியது. நாள் முழுக்கக் கண்ணாடி முன் நிற்கிற தொழில். இத்தனை வருடம் அதில் வாடிக்கையாளரின் தலையை மட்டுமே பார்த்தவருக்கு, இப்போது தன் முகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அசையாமல் கிடந்த உதட்டோரம் லேசாக அசைந்தது. மருத்துவமனையில் முகப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா, ஒரு நாளைக்கு ஐந்து முறைதான் என்றிருந்தார். இவரோ ஆள் இல்லாத நேரமெல்லாம் கன்னத்தை ஊதினார், பல்லைக் காட்டினார். நாலாம் மாதம் சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

"வீட்ல எத்தன தடவ செய்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அஞ்சுதாங்க."

"நூறு, மேடம்," என்றாள் மனைவி. "சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறாரு."

"நரம்பு வழி மாறி வளர்ந்திருக்கு. இனிமே முக்கி முனகாதீங்க. கண்ண மூடவிடாம, கொஞ்சூண்டு சிரிங்க. அது போதும்."

கொஞ்சூண்டு என்பதுதான் அவருக்கு மலையாக இருந்தது. எதையும் அளவோடு நிறுத்தத் தெரியாத ஆள். அதனால் தினமும் சாயங்காலம் மனைவி எதிரே உட்கார்ந்து அவர் கண்ணோரத்தில் விரலை வைத்து ஐந்து சிரிப்பு வரை எண்ணினாள். ஆறாவதற்கு வாய் போனால் தொடையில் ஒரு அடி விழும்.

ஒரு வருடத்தில் வாய் நேரானது. இமை மூடியது. சிரிக்கும்போது மட்டும் இடது கண் கொஞ்சம் சுருங்கியது. அது அப்படியே தங்கிவிட்டது.

"என்னண்ணே, என்னப் பாத்து கண்ணடிக்கிறீங்க?" என்றார் புதிதாக வந்த ஒருவர்.

"உங்க தலையப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? குனிங்க," என்று கத்தரியை எடுத்தார்.