ஐந்நூறுக்கு எவ்வளவு

1

இந்தக் கதை எங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தது. சிட்லபாக்கத்தில் எங்கள் மாடிக்கு மே மாதம் காந்திமதி குடிவந்தார். கணவர் இறந்த பிறகு, பக்கத்துத் தெருவிலிருக்கும் அண்ணனை நம்பி, மகள் ஷர்மிளாவுடன் இலங்கை வவுனியாவிலிருந்து வந்தவர். ஷர்மிளாவுக்குப் பதினாறு வயது. என் மகள் ஸ்நேகாவுக்கும் அதேதான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ஷர்மிளா தாம்பரத்தில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்

மழையில்லை. நல்ல வெயில். கதைக்காக வானத்தை மாற்றுகிற பழக்கம் எனக்கு உண்டு.

2

மாலையில் ஸ்நேகாவும் ஷர்மிளாவும் ஏரிக்கரையில் நடப்பார்கள். நான் சற்றுப் பின்னால் போவேன். ஷர்மிளா ஏரியைக் குளம் என்பாள்.

"உங்க ஊர்ல ஸ்கூல் எப்ப ரீஓபன்?"

"தையில. உங்களுக்கு?"

"ஜூன்."

"அப்ப நான் இப்ப எந்த வகுப்பு?"

ஸ்நேகா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. எந்த நாட்டுப் பள்ளிமணியும் எட்டாத ஒரு மாதத்துக்குள் ஷர்மிளா நடந்துகொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றியது. கரை வளைந்து வளைந்து வவுனியாவில் போய் முடியும் என்றும்.

(இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னாள் ஸ்நேகா. "ரொம்ப சீன் போடறம்மா." எடுக்கவில்லை.)

3

கொஞ்சம் கட்டுரை. அங்கே பதினோராம் தரத்தின் முடிவில் ஓ.எல். சோதனை, இங்கே பத்தாம் வகுப்பின் முடிவில் பொதுத்தேர்வு. இரண்டும் ஏறக்குறைய ஒரே படி. ஷர்மிளா ஓ.எல். எழுதிவிட்டு வந்திருந்தாள், முடிவு வரவில்லை. அது வரும்வரை பத்தாம் வகுப்பில் உட்காரட்டும் என்றது பள்ளி.

பதினொன்று முடித்தவள் பத்துக்குப் போனாள். முதல் நாள் அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்ததாம். தானும் சிரித்ததாகச் சொன்னாள். (நான் நம்பவில்லை. ஆனாலும் அவள் சொன்னதையே எழுதுகிறேன்.)

4

ஜூலையில் முடிவு வந்தது. ஒன்பது பாடத்திலும் ஏ. பயாலஜி குரூப் கேட்டு மகளோடு பள்ளிக்குப் போகும்போது காந்திமதி என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியர் மோகன்ராஜ் எழுந்து கைகொடுத்தார்.

"கங்கிராட்ஸ்மா. மார்க் எவ்வளவு?"

"ஒன்பது ஏ, சேர்," என்றாள் ஷர்மிளா.

"அது கிரேடு. ஐந்நூறுக்கு எவ்வளவு? பயாலஜி குரூப்புக்கு நானூறாவது வேணும்."

"மார்க் தரமாட்டினம் சேர். ஏ மட்டுந்தான்."

அவர் செல்போனில் தேடினார். (அவரைக் கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் அப்படியில்லை.)

"எழுபத்தஞ்சுலேந்து ஏ. அப்ப முந்நூத்தி எழுபத்தஞ்சுன்னுதான் நான் எடுத்துக்க முடியும். காமர்ஸ் தரேன், நாளைக்கே பிளஸ் ஒன் வரட்டும்."

"நூறாவும் இருக்கலாம்தானே சேர்?"

"இருக்கலாம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது," என்றாள் ஷர்மிளா. முதன்முறையாக அது அவளுக்கே உறைத்த மாதிரி இருந்தது.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மோகன்ராஜ் மனம் இளகி பயாலஜி தருகிறார். இன்னொன்றில் தாயும் மகளும் விமானம் ஏறுகி

இரண்டும் நடக்கவில்லை.

"நான் பத்திலயே இருக்கிறன் சேர்."

காந்திமதி மகளைத் திரும்பிப் பார்த்தார். "பாஸ் பண்ணின சோதனைய ஏன் பிள்ளை திருப்பி எழுதோணும்? ஒரு வருசமெல்லே போகுது."

"எவ்வளவு எண்டு எனக்குப் பாக்கோணும் அம்மா."

ஆட்டோவில் தாய் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார். மறுநாள் காலையிலும் கோபம் ஆறவில்லை. ஆனால் மகளின் சாப்பாட்டுப் பையோடு தெருமுனைவரை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

6

இப்போது நவம்பர். பொதுத்தேர்வு மார்ச்சில். இதுவரை எழுதியதை ஷர்மிளாவுக்குப் படித்துக் காட்டினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"கடைசியில நான் எவ்வளவு எண்டு போட்டீங்கள் அன்ரி?"

"போடல."

"அப்ப இடம் விடுங்கோ."

விட்டிருக்கிறேன். ஐந்நூறுக்கு ........ . நிரப்பத் தோன்றினால், பென்சிலால் நிரப்புங்கள்.