எழுத்தாளர் மனைவிக்கு

மகள் குனிந்து, மலர்வளையத்தின் ரிப்பனை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். அதற்குள் புரூஃப்காரர் படித்துவிட்டார். அச்சகத்தில் ஊரார் எழுத்துக்கெல்லாம் பிழை பார்த்தே பழகிய கண். எங்கே எழுத்து தெரிந்தாலும் போய் விழும். பெண்டாட்டி செத்த அன்றைக்கு மட்டும் சும்மா இருக்குமா?

‘எழுத்தாளர் மனைவிக்கு எங்கள் அஞ்சலி’ என்று வெள்ளை சாட்டினில் பொன்னிறமாக அடித்திருந்தார்கள். பதிப்பாளர் அனுப்பிய வளையம் அது.

“என்னம்மா மடிக்கிற?”

“ஒண்ணுமில்லப்பா. தப்பா அடிச்சிருக்காங்க.”

“பிழை ஒண்ணும் இல்லையே.”

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் அம்மா பார்க்கிற அதே பார்வை. அவர் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

உள்ளே இனித்தது என்பதுதான் உண்மை. நேற்று சாயங்காலம் போனவள் குளிர்ப்பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். இங்கே இவருக்கு ஒரு ரிப்பனைப் பார்த்து நெஞ்சு குளிர்கிறது. சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டபிறகும் இனிப்பு போகவில்லை.

முன்னறையின் தரை ஒரு பக்கம் சரிவு. பெட்டி ஆடக்கூடாது என்று யாரோ அதன் கால் ஒன்றுக்குக் கீழே கனமாக எதையோ முட்டுக்கொடுத்திருந்தார்கள். பழுப்புத்தாள் சுற்றி, சணல் கட்டிய புத்தகக் கட்டு. கட்டிலுக்கடியில் காலங்காலமாகக் கிடந்த அவருடைய சொந்த நாவல். வாலிபத்தில் எழுதியது. வாங்க ஆளில்லாமல், எடைக்குப் போடவும் மனசில்லாமல் வைத்திருந்தார். அவள் அதைப் பற்றி ஒருநாளும் கேலி பேசியதில்லை. பெருக்கும்போது நகர்த்தி, தூசி தட்டி, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். கேலி செய்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. இப்போது அந்தக் கட்டின்மேல்தான் அவள் அசையாமல் படுத்திருந்தாள்.

வாசலில் செருப்புகள் குவிந்துகொண்டே போயின. அவள் புத்தகங்களைப் படித்த கல்லூரி மாணவிகள் வந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிற ஒருத்தி, செத்துப்போனவளின் மூன்றாவது நாவலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து ஓவென்று அழுதாள். புரூஃப்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் செத்திருந்தால் இதில் யார் வந்திருப்பார்கள்? அச்சகத்து ஆள் ஒருவன் வருவான். அவனும் மதிய சாப்பாட்டு நேரத்தில் வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

அழுது முடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக அவரிடம்தான் வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “நீங்க எழுதறத மட்டும் விட்டுடாதீங்க சார்” என்றார்கள்.

இது இன்றைக்கு முளைத்த பேச்சல்ல. தெருவைப் பார்த்த ஜன்னல் இந்த முன்னறையில்தான் இருக்கிறது. ஜன்னலோரம் டைப்ரைட்டர், அதன்முன் அவர். அதற்கடுத்த உள்ளறையில் தையல் மெஷின், அதன்முன் அவள். டிரைவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் காக்கிச் சட்டை தைப்பது அவள் தொழில். மெஷினை மிதித்தபடியே வாக்கியத்தை மனசுக்குள் கூட்டிப் பெருக்கிவிட்டு, மிதிப்பதை நிறுத்துவாள். அவர் “ம், சொல்லு” என்பார். திறந்த கதவு வழியாக ஒரு வாக்கியம் வரும். அவர் அடிப்பார். மறுபடி மெஷின் ஓடும். எல்லா நாவலும் இப்படித்தான் பிறந்தது. தெருவில் போகிறவனுக்கு என்ன தெரியும்? ஆம்பளை அடிக்கிறார், பொம்பளை தைக்கிறாள். புத்தகத்தில் பேர் மட்டும் பொம்பளை பேர்.

அதுவும் என்ன எழுத்து! லாரி செட்டு, துறைமுகம், சாராயக்கடைச் சண்டை. “பொம்பளை எழுத்து மாதிரியே இல்ல” என்று விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். புகழ்ந்த வாயாலேயே, அப்படியானால் வேறு யார் எழுதியது என்று சந்தேகப்பட்டார்கள். அரசாங்க அச்சக வேலை போய்விடக் கூடாதென்று புருசன்தான் பெண்டாட்டி பேரில் ஒளிந்துகொண்டு எழுதுகிறான் என்று ஒரு கதை கிளம்பியது. அவள் நாவலைவிட அந்தக் கதை நன்றாக விற்றது.

“அளவு எடுக்கிறப்ப ஆம்பளைங்க சும்மா நிக்க மாட்டாங்க. நாடாவைத் தோள்ல வச்சாப் போதும், வீட்டுக் கதை பூரா கொட்டிடும்” என்று அவள் சிரிப்பாள். கொட்டியதையெல்லாம் அள்ளி வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்தது. அதே ஆட்களோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற இவருக்குச் சர்க்கரை தூக்கலா கம்மியா என்பதைத் தவிர ஒன்றும் காதில் விழுந்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

“நான் எழுதல” என்று அவர் எல்லோரிடமும் சொல்லித்தான் வந்தார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பு, சொன்னதையெல்லாம் அழித்துவிடும். ஒரு பரிசளிப்பு விழாவில் அவள் மேடையில் இருக்கும்போதே தலைமை தாங்கியவர், “பின்னால் இருக்கும் பேனாவையும் வாழ்த்துவோம்” என்று முதல் வரிசையைக் கைகாட்டினார். அரங்கமே சிரித்தது. இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “எனக்குப் புரியல, நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?” அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

“ஐயா.”

காக்கிச் சட்டை போட்ட ஒரு லாரி டிரைவர் எதிரே நின்றார். காலர் தையலைப் பார்த்ததுமே தெரிந்தது, அவள் கைவேலை.

“அம்மாகிட்ட இருபது வருசமா தைக்கிறேங்கய்யா. என் பெண்டாட்டி என்னை விட்டுப் போன கதைய அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அது புத்தகத்துல வந்துச்சு. படிச்சுட்டு அன்னிக்கு வண்டியே எடுக்கல நான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மா வந்து உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க எவ்ளோ அழகா எழுதிட்டீங்க!”

மறுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. புரூஃப்காரர் வாயைத் திறந்தார். “உக்காருங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்” என்றுதான் வந்தது.

அப்போதுதான் பதிப்பாளர் வந்தார். பின்னாலேயே கழுத்தில் கேமராவோடு ஒரு பத்திரிகைப் போட்டோக்காரர். பதிப்பாளர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடினார், திறந்தார். பிறகு புரூஃப்காரரின் தோளில் கைபோட்டு ஜன்னல் பக்கம் கூட்டிவந்தார். டைப்ரைட்டரில் தாள் அப்படியே இருந்தது.

“புது நாவல் எந்த அளவுல சார் இருக்கு?”

“கடைசி அத்தியாயம்.”

“அத முடிச்சுக் குடுங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. இனிமே யாருக்குப் பயந்து மறைக்கணும்? அம்மாவும் போயிட்டாங்க, நீங்களும் ரிட்டயர் ஆயிட்டீங்க. இத உங்க பேர்லயே போட்டுடுவோம். பழசெல்லாங்கூட மறுபதிப்புல உங்க பேருக்கு மாத்திடலாம்.”

புரூஃப்காரருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அட்டையில் தன் பேர். கட்டிலுக்கடியில் கிடக்கிற பேர் அல்ல, கடையில் அடுக்கி வைத்த பேர். வாசகிகள் மார்போடு அணைத்துக்கொள்கிற பேர். உள்ளறை வாசலில் மகள் நின்றிருந்தாள். கையில் அம்மாவின் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், சுருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“சொல்லுங்க சார்.”

“பாக்கலாம்” என்றார் புரூஃப்காரர்.

மகள் உள்ளே போய்விட்டாள்.

“அப்ப ஒரு போட்டோ எடுத்துடுவோம்” என்றார் பதிப்பாளர். “துக்கத்திலும் எழுத்து நிக்கலன்னு போடலாம். உக்காருங்க சார். அந்தத் தாளே இருக்கட்டும், நல்லா இருக்கு.”

அவர் உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கி இடம்விட்டார்கள். தாளில் பாதி வாக்கியம் நின்றிருந்தது. ‘லாரியிலிருந்து இறங்கியவள் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல்’ என்பது வரைக்கும் நேற்று அடித்தது. அடித்துவிட்டு, “ம், சொல்லு” என்றார். பதில் இல்லை. ஊசியில் நூல் கோக்கிறாள் போல என்று இருந்தார். கொஞ்சம் பொறுத்து, “காதுல விழலையா? கொடுக்காமல் என்ன பண்ணா?” என்று எரிந்துவிழுந்தார். அதற்கும் பதில் இல்லாமல் போன பிறகுதான் எழுந்து உள்ளே போனார்.

“இயல்பா ரெண்டு வரி அடிங்க சார்” என்றார் போட்டோக்காரர்.

அடித்தால் போயிற்று. என்ன பெரிய கம்ப சூத்திரம்? சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் அவள் என்ன செய்வாள்? புரூஃப்காரர் யோசித்தார். ‘கண்ணீர் மல்க’ என்று வந்தது.

கண்ணீர் மல்க. வேறொன்றும் வரவில்லை. முன்பு ஒருமுறை, அவள் ‘அழுதாள்’ என்று சொன்ன இடத்தில் கேட்காமல் இதே சொல்லைப் போட்டு அச்சுக்கும் அனுப்பிவிட்டார். புத்தகம் வந்ததும் அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி வந்தாள். “யாருங்க இந்தப் பொம்பளை? என் கதைக்குள்ள பூந்து மல்கிட்டுப் போறா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவள் நாவல்களின் அத்தனை பக்கத்திலும் அவருடையது அந்த ஒரு சொல்தான். அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“ரெடி சார்?”

அச்சுக்குப் போகிற தாளில் பிழை தேடுகிறவன் போல அந்தப் பாதி வாக்கியத்தையே உற்றுப் பார்த்தார். சாவி. லாரி. இறங்கியவள். விரல்கள் தாமாகவே போய், எந்த எழுத்தின் மேல் எது இருக்க வேண்டுமோ அப்படி உட்கார்ந்தன. முதுகு நிமிர்ந்தது. தலை உள்ளறைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

“ம், சொல்லு” என்றார் உரக்க.

கேமரா ‘கிளிக்’ என்றது.

அவர் காதைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பக்கமே எல்லோரும் பார்த்தார்கள். திறந்த கதவு. தையல் மெஷின். ஊசிக்கடியில் ஒரு காக்கிச் சட்டை, ஒரு கை வைத்துத் தைத்தது, இன்னொரு கை வைக்காதது. மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா? கூப்பிட்டீங்களா?”

டிரைவர் தன் சட்டையின் தோள்பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகப் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

“துக்கத்துல இருக்காரு” என்றார் பதிப்பாளர், யாரிடம் என்றில்லாமல். “சார், இங்க பாருங்க. டைப்ரைட்டரைப் பாத்த மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாம்.”

புரூஃப்காரர் திரும்பவில்லை.

“கடைசி அத்தியாயம் மெதுவாக்கூட குடுங்க சார், அவசரமில்ல.”

“அத அவதான் சொல்லணும்” என்றார் அவர். சொல்லும்போது குரலில் துக்கத்தைவிடக் கோபம்தான் இருந்தது. கடைசியிலும் தன்னை இப்படி நாலு பேர் நடுவில் உட்கார வைத்துவிட்டாளே என்ற கோபம். “அவ சொன்னாத்தான் நான் அடிப்பேன். எப்பவும் அப்படித்தான். ஒரு சொல்லு என்னுது கிடையாது.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

போட்டோக்காரர் கேமராவின் மூடியைப் போட்டார். பதிப்பாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆட்கள் பெட்டியின் நாலு பக்கமும் பிரிந்து நின்றார்கள். “பாத்து, பாத்து, கீழ கட்டு இருக்கு” என்று யாரோ சொன்னார்கள். தூக்கியதும், நசுங்கிய புத்தகக் கட்டு தரையில் தனியாகக் கிடந்தது.

மலர்வளையங்களை ஒவ்வொன்றாக வண்டிக்கு எடுத்துப் போனார்கள். கடைசியாக இருந்ததை மகள் தூக்கினாள்.

“இரு” என்றார் புரூஃப்காரர்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மகள் செருகி வைத்திருந்த ரிப்பனை வெளியே இழுத்தார். ‘மனைவி’ என்ற சொல்லின்மேல் ஒரு கோடு போட்டார். சாட்டினில் மை ஒட்டவில்லை. பேனா முனை வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி போட்டார். அதுவும் வழுக்கியது.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

மகள் வளையத்தைக் கீழே வைத்தாள். ரிப்பனின் இரண்டு முனையையும், துணி வெட்டக் கொடுப்பதுபோல, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இழுத்துப் பிடிம்மா” என்றார் அவர்.